அயனி விற்பவரும் அயனி படித்தவரும்

அறிவியல் சொற்களுக்கு இன்று நல்ல சந்தை விலை இருக்கிறது. கறுப்பு நிறக் கல் பதக்கம் ஒன்றைக் கல் பதக்கம் என்றே சொல்லி இரவுச் சந்தையில் விற்றால், பேரம் பேசி இருபது ரிங்கிட்டுக்கு வாங்குவோம். அதே பதக்கத்தை 'நெகட்டிவ் ஐயன்' வெளியிடும் பதக்கம் என்று சொல்லி, பளபளக்கும் பெட்டியில் வைத்து, கூடவே ஒரு சிறு அளவுமானியையும் காட்டினால் முந்நூறு ரிங்கிட், நானூறு ரிங்கிட் என்று போகிறது. வளையல், இடுப்புப் பட்டை, தலையணை, காலுறை, குடிநீர்ப் புட்டி என 'ஐயன்' நுழையாத பொருள் இல்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் நண்பர்களில் பலருடைய வீட்டிலும் இவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. 'படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள்' என்று சொல்வது அதைவிட எளிது. நான் அப்படிச் சொல்ல வரவில்லை. அயனி என்பது பொய் இல்லை. நம் உடலும் வானமும் அதனால்தான் இயங்குகின்றன. அந்த உண்மையைத் தமிழில் சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம் வாய் திறக்காததால், விற்பவர் முதலில் வந்து சொல்லிவிட்டார். இதுதான் என் கருத்து. இனி விளக்கத்துக்கு வருகிறேன்.

உப்பிலிருந்து தொடங்குவோம்

ஓர் அணுவில் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும் எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் சம எண்ணிக்கையில் இருக்கும். அதனால் அணுவுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லை. ஓர் எலக்ட்ரானை அது இழந்தால் நேர்மின் அயனி. ஒன்றைப் பெற்றால் எதிர்மின் அயனி. அயனியின் இலக்கணம் இவ்வளவுதான்.

இந்தச் சிறு கொடுக்கல் வாங்கல் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறது என்பதற்கு நம் அடுப்படியில் இருக்கும் உப்பே சான்று. சோடியம் ஓர் உலோகம். தண்ணீரில் போட்டால் சீறித் தீப்பிடிக்கும். குளோரின் ஒரு நச்சு வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் வீரர்களைக் கொல்லப் பயன்பட்டது. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் அயனிகளாகி ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அது ரசத்தில் போடும் உப்பு! அணு வேறு, அயனி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

'ஐயன்' என்ற சொல்லை 1834இல் மைக்கேல் ஃபாரடே தம் ஆய்வுக் கட்டுரையில் வழங்கினார். வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் கலந்து பேசி அவர் தேர்ந்த சொற்களில் இதுவும் ஒன்று. கிரேக்க மொழியில் 'செல்வது' என்று பொருள். கரைசலுக்குள் மின்சாரம் பாயும்போது ஒரு முனையை நோக்கிச் செல்லும் பொருள் என்பதால் அந்தப் பெயர். தமிழில் நாம் அயனி என்கிறோம். உத்தராயணம், தட்சிணாயனம் என்று சூரியனின் செலவைக் குறிக்கும் 'அயனம்' என்ற சொல் நமக்குப் பழக்கமானது. ஆக, செல்வது அயனி என்று சொன்னால் ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. ஒரு தாத்தாவுக்கோ பாட்டிக்கோ விளக்க இதைவிட வாய்ப்பான சொல் வேறு என்ன வேண்டும்?

உப்பு நீரில் கரைந்தவுடனேயே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று சுவீடன் நாட்டு இளைஞர் ஸ்வாந்தே அரேனியஸ் 1884இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். ஆய்வேட்டைப் படித்த பேராசிரியர்கள் அதை நம்பவில்லை. குறைந்த தரத்தில் தேர்ச்சி கொடுத்து அனுப்பினார்கள். அதே கருத்துக்காக 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

விற்பனையாளர்கள் சொல்லும் முதல் பாடம், 'எதிர்மின் அயனி நல்லது, நேர்மின் அயனி கெட்டது' என்பது. இங்கேயே கதை சரிந்துவிடுகிறது. நம் இதயம் துடிப்பதற்கும் நரம்பில் செய்தி ஓடுவதற்கும் வேண்டிய சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் நேர்மின் அயனிகள். அவை இல்லாமல் ஒரு நொடியும் உயிர் தங்காது. மாறாக, உலகமே அஞ்சும் சயனைடு ஓர் எதிர்மின் அயனி. ஓர் அயனி நல்லதா கெட்டதா என்பதை அதன் மின்னூட்டத்தின் குறி முடிவு செய்வதில்லை. அது எதன் அயனி, எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பவைதாம் முடிவு செய்கின்றன.

காற்றிலும் அயனி உண்டு

'உடலுக்குள் இருப்பது வேறு, நாங்கள் சொல்வது காற்றில் இருக்கும் அயனி' என்று அவர்கள் அடுத்துச் சொல்வார்கள். காற்றில் அயனி இருப்பது உண்மைதான். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் கதிர்வீச்சும், விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களும் காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் பலூனில் ஏறி 5,000 மீட்டருக்கு மேல் சென்று அளந்தார். மேலே போகப் போகக் காற்றில் அயனியாக்கம் கூடுவதைக் கண்டு, கதிர்கள் வானிலிருந்தும் வருகின்றன என்று நிறுவினார். 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மூலக்கூறு எலக்ட்ரானை இழந்தால் அது நேர்மின் அயனி ஆகிறது. வெளியே வந்த எலக்ட்ரான் வேறொரு மூலக்கூறில் ஒட்டிக்கொண்டால் அது எதிர்மின் அயனி. கதிர்வீச்சு அயனிகளை இணையாகத்தான் பிறப்பிக்கும். 'எதிர்மின் அயனியை மட்டும் வெளியிடும் கல்' என்பது ஒரு பக்கம் மட்டுமே உள்ள நாணயம் போன்றது.

நீர்வீழ்ச்சிக்கு அருகில் நிலைமை சற்று வேறு. நீர்த்துளிகள் பாறையில் மோதிச் சிதறும்போது மின்னூட்டம் பிரிகிறது. சுற்றியுள்ள காற்றில் எதிர்மின் அயனிகள் மிகுகின்றன. பிலிப் லெனார்டு 1892இல் இதை ஆராய்ந்து எழுதினார். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வழியில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் நின்று குளிர்ந்த காற்றை மூச்சிழுத்தவர்களுக்கு, 'இந்தச் சுகமெல்லாம் அயனியால் வருகிறது' என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும். விற்பனைப் பேச்சின் பலமே இதுதான். ஓர் உண்மையின் தோளில் ஏறிக்கொண்டு பொய் வருகிறது.

எண்ணிக்கையைப் பார்ப்போம். நிலத்தில் சாதாரணக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சீனிக் கட்டி அளவில், சில நூறு முதல் ஓராயிரம் வரை சிறு அயனிகள் இருக்கும். பெரிய நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் பல்லாயிரம் இருக்கலாம். ஐம்பதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அதே கன சென்டிமீட்டரில் உள்ள காற்று மூலக்கூறுகள் எத்தனை தெரியுமா? ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி. கணக்குப் போட்டால் ஐந்து கோடி கோடி மூலக்கூறுகளுக்கு ஓர் அயனி. அதுவும் சில நிமிடங்களுக்குள் எதிர் அயனியோடோ தூசியோடோ சேர்ந்து மறைந்துவிடும். நம் இரத்த நீரில் ஒரே ஒரு மில்லிலிட்டரை எடுத்தால், அதில் சோடியம் அயனிகள் மட்டும் எட்டு இலட்சம் கோடி கோடிக்கு மேல். இவ்வளவு அயனிகளைச் சுமந்துகொண்டு நடக்கும் மனிதனுக்கு, 'உங்களுக்கு அயனி குறைவு' என்று சொல்லிப் பதக்கம் விற்பது கடலுக்குத் தண்ணீர் விற்பது போலத்தான்.

இன்னும் மேலே போனால் அயனியின் உண்மையான பெருமை தெரியும். தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேல் சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றை அயனியாக்குகின்றன. அதுவே அயனி மண்டலம். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் வானொலிச் சைகை பெற்றதாக அறிவித்தபோது, நேர்க்கோட்டில் செல்லும் அலை வளைந்த பூமியை எப்படிச் சுற்றி வந்தது என்ற கேள்வி எழுந்தது. 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே, மேலே ஒரு மின்கடத்தும் அடுக்கு இருக்க வேண்டும் என்றார்கள். 1924இல் எட்வர்டு ஆப்பிள்டன் சோதனையால் அதை உறுதி செய்தார்; 1947இல் நோபல் பரிசும் பெற்றார். நம் தாத்தாக்கள் சிற்றலை வானொலியைத் திருகித் திருகிக் கடல் கடந்த தமிழ்க் குரலைக் கேட்டார்களே, அந்தக் குரல் இந்த அயனிகளில் பட்டுத் திரும்பித்தான் அவர்கள் காதுக்கு வந்தது.

பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, அயனி மண்டலத்தில் பகல் நேரத்தில் ஒரு வலிய மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராய்வதற்காகவே திருவனந்தபுரத்துக்கு அருகில் தும்பா என்ற மீனவர் கிராமத்தை இந்தியா தேர்ந்தெடுத்தது. 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட்டது. இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்கக் கதையிலேயே அயனி இருக்கிறது. இந்தக் கதை எந்த விற்பனைத் தாளிலும் இல்லை. இதில் விற்க ஒன்றும் இல்லையே!

பதக்கத்துக்குள் இருப்பது என்ன?

சாதாரணக் கல் காற்றில் அயனிகளை உண்டாக்காது. அப்படியானால் அளவுமானியில் எண் ஏறுவது எப்படி? சில பொருள்களில் மோனசைட் போன்ற கனிமப் பொடியைக் கலக்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் ஒரு கதிரியக்கத் தனிமம். அதன் கதிர்வீச்சுதான் காற்றை அயனியாக்குகிறது. விற்பனையாளர் பெருமையோடு காட்டும் அந்த எண், பல வேளைகளில் கதிரியக்கத்தின் அடையாளம்.

2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய பத்துப் பொருள்களைச் சோதித்து, அவை கதிர்வீச்சு வெளியிடுவதைக் கண்டு, அணிய வேண்டாம் என்று அறிவித்தது. அவற்றில் பதக்கங்கள் இருந்தன, உறங்கும்போது கண்ணில் கட்டும் பட்டை இருந்தது, குழந்தைகளுக்கான வளையலும் இருந்தது. கதிர்வீச்சின் அளவு குறைவுதான். ஆனால் இரவும் பகலும் தோலோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் அணிவதற்காக விற்கப்படும் பொருள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மலேசியராகிய நமக்கு இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. ஈய மண்ணைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் 'அமாங்' என்ற கழிவு மணலில் மோனசைட் இருக்கிறது. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேரா வட்டாரத்தில் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை ஒன்று 1982இல் இயங்கத் தொடங்கியது. தோரியக் கழிவுக்கு அஞ்சிய வட்டார மக்கள் ஊர்வலம் போனார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 1993இல் மேல்முறையீட்டில் மாற்றப்பட்டாலும், 1994இல் ஆலை மூடப்பட்டது. ஒரு தலைமுறை தன் ஊருக்கே வேண்டாம் என்று போராடிய தனிமத்தை, அடுத்த தலைமுறை தவணைப் பணம் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறது.

சோதனைகள் சொல்வது

கதிரியக்கம் இல்லாத பொருள்களும் உண்டு. அவை பயன் தருமா? அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தசை, மூட்டு வலி உள்ள 610 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு 'அயனியாக்கப்பட்ட' வளையல். மற்றொரு குழுவுக்கு அதே போன்ற வெறும் வளையல். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நான்கு வாரம் அணிந்தபின் இரண்டு குழுவிலும் வலி குறைந்திருந்தது, ஒரே அளவில்! குறைத்தது அயனி அன்று, நம்பிக்கை. அந்தக் கியூ-ரே வளையலை விற்ற நிறுவனத்தின்மீது அமெரிக்க வாணிப ஆணையம் 2003இல் வழக்குத் தொடுத்தது. 2006இல் நீதிமன்றம், ஈட்டிய இலாபத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காற்று அயனிகளும் மனநிலையும் குறித்து வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, பதற்றம், தூக்கம், மன அமைதி ஆகியவற்றில் அயனிகளுக்குச் சீரான விளைவு எதுவும் இல்லை என்றது. மனச்சோர்வில் மட்டும், மிக அதிக அளவு எதிர்மின் அயனிகளைக் கொடுத்தபோது ஓரளவு குறைவு தெரிந்தது என்றது. அந்த அளவைக் கொடுப்பது மின்சாரத்தில் ஓடும் கருவி. கழுத்தில் தொங்கும் கல் அன்று. ஆலைப் புகையில் உள்ள தூசியை மின்னூட்டி ஈர்த்துப் பிடிக்கும் கருவிகளிலும் அயனி உண்மையாகவே வேலை செய்கிறது. ஆகவே 'அயனி' என்று யார் சொன்னாலும் பொய் என்பதும் தவறு. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குத்தானே படிப்பு?

ஏன் வாங்குகிறார்கள்?

என் பெரியம்மா வாங்கினார். நான்கு தவணையில் முந்நூற்று எண்பது ரிங்கிட். பணம் போனது பெரிதில்லை. 'இது இரத்த ஓட்டத்தைச் சீராக்கும்' என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு, நாள்தோறும் போட வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என்னை யோசிக்க வைக்கிறது. "அந்தப் பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தமிழ்ல விளக்கமா சொன்னாம்ப்பா. கிளினிக்ல யாரு நம்மகிட்ட அவ்வளவு நேரம் பேசறா?"

எங்கள் குடும்பத்தில் அறிவியல் படித்த பட்டதாரிகள் மூன்று பேர். நான் நான்காவது ஆகப்போகிறேன். ஆனாலும் அயனி என்ற கருத்து எங்கள் வீட்டுக்குள் ஒரு விற்பனையாளரின் வாய் வழியாகத்தான் முதன்முதலில் நுழைந்தது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று என்று நினைக்கிறேன்.

நம்மில் பலருடைய பாதை ஒன்றுதான். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்குகிறோம். காந்தம், ஆவியாதல், ஒளிச்சேர்க்கை வரை தமிழில் வருகிறோம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய். படிவம் நான்கில் 'இயோன்', 'காத்தியோன்', 'அனியோன்'. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். மொழி மாறியதால் நாம் கெட்டுப்போகவில்லை. மூன்று மொழியில் சிந்திப்பது ஒரு வரம். ஆனால் ஆறாம் ஆண்டோடு நம் தமிழ் அறிவியல் நின்றுவிடுகிறது. வீட்டில் பேசும் தமிழுக்கும் ஆய்வுக்கூடத்தில் பேசும் மொழிக்கும் நடுவே பாலம் இல்லாமல் போகிறது. விற்பனையாளர் அந்த இடைவெளியில்தான் கடை விரிக்கிறார். அவரிடம் அறிவியல் இல்லை. ஆனால் தமிழ் இருக்கிறது, நேரம் இருக்கிறது, 'அம்மா' என்று அழைக்கும் பணிவு இருக்கிறது. நம்மிடம் அறிவியல் இருக்கிறது. மற்ற மூன்றையும் நாம் கொண்டுபோகவில்லை.

பெரியம்மாவிடம் நான் உப்பை வைத்துத்தான் பேசினேன். உப்பு என்றால் என்ன, டாக்டர் ஏன் உப்பைக் குறைக்கச் சொல்கிறார், மாத்திரை அந்தச் சோடியம் அயனியை எப்படி வெளியேற்ற உதவுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் போடுவது நீர் பிரிக்கும் வகை மாத்திரை என்பதால் விளக்கம் எளிதாக இருந்தது. "அப்போ ஐயன் ஏற்கெனவே எனக்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதி வேலையை அரசாங்கக் கிளினிக்கில் ஏறியிருந்த இரத்த அழுத்த எண் செய்தது. மாத்திரை மறுபடியும் நாள்தோறும் போகிறது.

சில சென் விலையில் ஓர் உயிர்

உண்மையான அயனி எவ்வளவு மலிவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1971இல் வங்காளதேசப் போரின்போது, எல்லையோர ஊரான போன்கானில் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் அளவோடு கலந்து, வாய் வழியே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோசும் சோடியம் அயனியும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகின்றன. அவற்றைத் தொடர்ந்து தண்ணீர் போகிறது. இதுதான் அதன் சூட்சுமம். 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்திய கலவையில், ஒரு லிட்டர் நீருக்குச் சேர்க்கும் பொடியின் மொத்த எடை 20.5 கிராம். எந்தக் கிளினிக்கிலும் கிடைக்கும் அந்தச் சிறு பொட்டலம் உலகில் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதன்மேல் 'அயனி' என்று யாரும் பெரிய எழுத்தில் அச்சடிப்பதில்லை!

'இருந்துவிட்டுப் போகட்டுமே' என்பவர்களுக்கு

'நம்பிக்கையால் வலி குறைகிறது என்றால் அணியட்டுமே, உனக்கு என்ன?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வலி மட்டும் என்றால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் வலிக்காத நோய்கள். நம்பிக்கை அவற்றின் எண்ணைக் குறைக்காது; கிளினிக்குக்குப் போகும் நாளைத்தான் தள்ளிப்போடும். தள்ளிப்போன நாளுக்கு விலையாகச் சிறுநீரகத்தையும் கால்விரலையும் கொடுத்தவர்கள் நம் உறவுகளிலேயே இருக்கிறார்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்கீழ், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், புற்றுநோய், ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக்கூடாது. கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்த 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது. இந்தச் செய்திகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் தாராளமாக உள்ளன. தமிழில் கொண்டுபோக ஆள் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய மாநாடு வேண்டாம். மூன்று சிறு காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, இந்த ஆண்டிதழில் கவிதைக்கும் சிறுகதைக்கும் இடம் ஒதுக்குவது போல, அறிவியலுக்கும் நிலையாகச் சில பக்கங்கள் ஒதுக்க வேண்டும். மருத்துவம், பொறியியல், வேதியியல் என ஒவ்வொரு புலத்திலும் படிக்கும் நம் உறுப்பினர் ஒருவர், தான் படித்த ஒரே ஒரு கருத்தைத் தன் பாட்டிக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டும். கலைச்சொல் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். எழுத எழுதத்தான் சொல் பழகும்.

இரண்டாவது, நம் கழகம் ஆண்டுதோறும் குடியிருப்புகளுக்கும் கோயில்களுக்கும் சமூகப் பணிக்காகப் போகிறது. அங்கே மருத்துவ மாணவர்கள் இரத்த அழுத்தம் பார்க்கும்போது, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் தமிழில் பேச ஒருவர் உட்கார வேண்டும். கேட்கும் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு வீட்டிலும் விற்பனையாளரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது எதன் அயனி? எங்கிருந்து வருகிறது? எந்த அரசாங்க அமைப்பு இதைச் சோதித்து அனுமதி தந்திருக்கிறது? முதல் கேள்விக்கே பெரும்பாலோர் தடுமாறுவார்கள். பெயர் இல்லாத அயனி உலகில் கிடையாது. சோடியத்தின் அயனி உண்டு, குளோரினின் அயனி உண்டு. வெறும் 'நெகட்டிவ் ஐயன்' என்று ஒன்று பெட்டியின் மேல் மட்டுமே உண்டு.

தமிழில் அறிவியல் முடியுமா என்று பட்டிமன்றம் நடத்தி நாம் பல ஆண்டு கைதட்டியிருக்கிறோம். முடியும் என்பதை அந்த விற்பனையாளர்கள் வீடு வீடாகப் போய் நிரூபித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் அறிவியல் மட்டும்தான் இல்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, படித்ததில் ஒன்றையாவது தமிழில் சொல்லிப் பாருங்கள், நண்பர்களே. கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.